கராத்ராவின் தோலில் இரண்டாவது கை

அத்திக்காய் மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

இதனால் பெத்ரினா ஊர் மக்கள் அனைவருக்கும், அண்டை ஊர்க்காரர்களுக்கும், ஒலிம்பஸ் மலைமேல் ஓய்வாக அமர்ந்திருக்கும் தெய்வங்களுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை எங்கள் வீட்டு வெள்ளாடு அம்மாவின் நீல முக்காட்டில் சரிபாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதி நலம். ஆடும் நலம். அம்மா நலமில்லை.

“கத்தி வச்சு அறுத்த மாதிரி நேரா தின்னுருக்கேடா, எப்படி?” என்று அம்மா கேட்டாள்.

“ஒழுக்கமா வளர்ந்த ஆடும்மா.”

துடைப்பம் பறந்து வந்தது. தலையைக் குனிந்தேன். துடைப்பம் ஆட்டின் மேல் விழுந்தது. நீதி நிலைநாட்டப்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு, கொஞ்சம் சின்னது. தேரோன் மாமா கராத்ராவைக் கொல்லப் போகிறார்.

மாமா அம்மாவின் தம்பி. ஏழு வருடத்துக்கு முன் விளையாட்டு விழாவில் அவர் வீசிய வட்டு காற்றில் திசைமாறிப் போய், ஊர்த்தலைவர் ஸ்திராத்தோனுடைய மகன் தலையில் பட்டது. பையன் எழுந்திருக்கவில்லை. தவறிப்போய் நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ரத்தம் சிந்தியாகிவிட்டது. அன்றிலிருந்து மாமாவுக்கு எல்லைக் கல்லுக்கு வெளியேதான் குடிசை. அவருக்கு ரொட்டி கொடுக்கலாம், பேசலாம். ஊர் அடுப்பிலிருந்து ஒரு துண்டு நெருப்பு மட்டும் கொடுக்கக்கூடாது. எங்கள் ஊரில் நெருப்பு கொடுத்தால்தான் ஒருவன் ஊர்க்காரன்.

இப்போது கராத்ரா என்ற அந்தக் கொடிய மிருகம் மலை ஊற்றை மறித்துக்கொண்டு படுத்திருக்கிறது. பதினேழு ஆடு போயிற்று, ஒரு மேய்ப்பனும் போனான். ஸ்திராத்தோன் சபையில் சொன்னாராம்: “தேரோன் அதைத் தனியாக் கொல்லட்டும். அது தோல்ல அவன் கைத்தடம் ஒண்ணு மட்டும் விழட்டும். என் கையாலயே அவனுக்கு நெருப்பு கொடுக்கிறேன். வேற ஒருத்தன் உதவி இருந்துச்சுன்னா, இந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே கூடாது.”

அத்தையோடு ஊருக்குள் இருக்கும் மாமா மகள் மெலித்தா இதைக் கேட்டதிலிருந்து வீட்டு அடுப்பை மூன்று தரம் மெழுகிவிட்டாள்.

வளர்பிறை மூன்றாம் நாள்

வரலாறு என்னை அழைத்துவிட்டது. மாமாவுக்கு ரொட்டி சுமக்க ஆள் வேண்டும். சோறு சுமக்கலாம், ஆயுதம் சுமக்கக்கூடாது என்று சபை சொல்லிவிட்டது. ஊரில் யாரும் வரவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

அம்மா அழுதாள். “பேருதான் நிக்கியாஸ். ஒரு எடத்துல ஒழுங்கா நிக்கியாடா நீ? மாமா சொல்ற எடத்துல உக்காரு. கிட்டப் போகாத.”

மெலித்தா ஒரு பை அத்திப்பழம் கொண்டுவந்தாள். “இது அப்பாவுக்கு. நீ தொட்ட, கை இருக்காது.”

“நான் துணைக்குப் போறேன், அந்த மரியாதை வேணாமா?”

“கழுதையும்தான் மூட்டை தூக்கிட்டுப் போகும். அது இவ்வளவு பேசாது.”

பைக்குள் ரொட்டி, வெண்ணெய்க்கட்டி, ஆலிவ் காய், அத்திப்பழம் எல்லாம் இருக்கின்றன. அடியில் வேறொரு சாமானும் சுருட்டி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டிய அவசியமில்லை.

வளர்பிறை ஐந்தாம் நாள்

பாறைச்சரிவில் தங்கியிருக்கிறோம். குகை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கூப்பிடக்கூடாது.

கராத்ராவை இன்று கண்ணால் கண்டேன். தெய்வங்கள் எல்லா மிருகங்களையும் செய்து முடித்தபிறகு மிச்சம் மீதியைப் போட்டுக் கிண்டிய கூட்டாஞ்சோறு அது. தலை காளைத் தலை, உடம்பு முதலை உடம்பு, வால் ஆலிவ் மரத்து வேர் கணக்காக. முதுகுச் செதில்மேல் எந்த ஈட்டியும் இறங்காது. தொண்டை ஒன்றுதான் மெத்து. அந்தத் தொண்டையையும் அது தரையோடு தரையாக வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. குகையிலிருந்து தலையை மட்டும் நீட்டும், ஊற்றில் தண்ணீர் குடிக்கும், உள்ளே போய்விடும்.

“என்ன மாமா செய்யப் போறீங்க?”

“காத்திருக்கணும். என்னைக்காவது ஒரு நாள் தலையைத் தூக்கும்.”

“தூக்கலன்னா?”

“ஏழு வருஷம் காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறதா கஷ்டம்?”

மாமாவுடன் இருப்பது நல்லதுதான். ஆனால் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். அவர் செருப்புக்குள் ஆலிவ் கொட்டை போட்டேன். போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தார். “குத்தலையா மாமா?” என்றேன். “குத்துது. நீ எப்போ கேப்பன்னு பாத்துட்டிருந்தேன்” என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் எவ்வளவு காலம்தான் குறும்பு செய்வது? பெரிய குறும்பு ஏதாவது வேண்டும்.

வளர்பிறை ஆறாம் நாள்

மழை. வெண்ணெய்க்கட்டி தீர்ந்தது. யார் தின்றது என்று விசாரணை நடக்கிறது. இங்கே ஆடு இல்லாதது பெரிய குறை.

வளர்பிறை ஏழாம் நாள்

உலகமே, எழுந்து நில். உட்கார்ந்து கேட்கிற செய்தி அல்ல இது.

கராத்ரா செத்தது!

விடியலிலிருந்து மாமா குகை வாய்க்கு எதிரே பாறையின் பின்னால் ஈட்டியுடன் பதுங்கியிருந்தார். வெயில் ஏறியது. அது வழக்கம்போல் தலையை நீட்டியது, தாடையைத் தரையில் வைத்தது, குடித்தது, தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்றும் வீண் என்று மாமா கையை உதறினார்.

அந்த நேரம் பார்த்து, மாமா சொல்லியிருந்த இடத்தில் நான் இல்லை. குகைக்குப் பக்கத்துப் பாறை மேல் இருந்தேன். ஏன் அங்கே இருந்தேன் என்பது போர்த்தந்திரம். அங்கிருந்து ஓர் அறைகூவல் விடுத்தேன். அடிவயிற்றிலிருந்து எழுந்த, மலை அதிரும் அறைகூவல். கராத்ராவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தலை, தோள், வயிறு, வால் என முழு உடம்போடு வெளியே பாய்ந்தது!

நான் உடனே வியூகத்தை மாற்றினேன். சிலருக்குத் தோளில் பலம், சிலருக்கு வாளில் பலம், எனக்குக் காலில் பலம். மின்னல் வேகத்தில் நகர்ந்து, உயரமான ஓர் இடத்தைக் கைப்பற்றி, அங்கே உறுதியாக நிலைகொண்டேன். அது பின்னங்காலை ஊன்றி எழுந்து என்னை நோக்கிக் கழுத்தை நீட்டியது. இதுவரை யாரும் பார்க்காத தொண்டை, பால் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. மாமா ஓடிவந்தார். ஒரே குத்து. அவ்வளவுதான்.

நான் என்ன சொல்கிறேன் என்றால், ஈட்டி மாமாவுடையது. அதற்குத் தொண்டையைத் தூக்கிக் கொடுத்தது யார்?

அது விழுந்து அடங்கிய பிறகும் வெகுநேரம் அந்த உயரமான இடத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. “முடிஞ்சிருச்சுடா, வா” என்று மாமா பல தரம் கூப்பிட்டார். வீரன் அவசரப்பட மாட்டான். கடைசியில் மாமாவே வந்து தோள் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது. என்னை நினைத்துப் பெருமையாக இருந்திருக்கும்.

ஒரு செருப்பைப் போர்க்களத்தில் நினைவுச் சின்னமாக விட்டு வந்திருக்கிறேன்.

வளர்பிறை எட்டாம் நாள்

மாமா தோலை உரித்தார். நான் என் அங்கியை ஓடையில் துவைத்தேன். சேறு. வெறும் சேறுதான்.

வளர்பிறை பத்தாம் நாள்

ஊர் திரும்பினோம். மாமா எல்லைக் கல்லுக்கு வெளியே தோலைக் காயப்போட்டார். பௌர்ணமியன்று கைப்பதிப்பு.

நான் உள்ளே வந்தேன். அதாவது, வரவேற்கப்பட்டேன். கிணற்றடியில் ஒரு தரம் சொன்னேன், ஆலிவ் செக்கடியில் ஒரு தரம், பொடியன்களுக்கு நடித்தே காட்டினேன். மூன்றாவது தரம் சொல்லும்போது கராத்ராவின் மூச்சில் என் புருவம் கருகியது. ஐந்தாவது தரம் அதன் கொம்பை ஒரு கையால் பிடித்திருந்தேன். கதை சொன்னால் வளரத்தானே செய்யும். பிள்ளை வளர்ந்தால் மட்டும் சந்தோஷப்படுகிறார்களே.

மெலித்தா மட்டும் குறுக்கே கேட்டாள். “நீ நின்ன உசரமான எடம் எது? பாறையா?”

“ஏறக்குறைய.”

“ஏறக்குறைய பாறைன்னா என்னடா?”

“ஏறினேன், குறையில்ல. போதுமா?”

 அவள் அடுப்புக்குப் புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தாள். அப்பா வந்த முதல் நாள் பருப்பும் வெங்காயமும் வேக வைப்பாளாம்.

பௌர்ணமி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஊர் முழுக்க எல்லைக் கல்லண்டை கூடியது. தோலை விரித்திருந்தார்கள். செம்மண் குழைத்த தட்டு பக்கத்தில். எங்கள் ஊர் வழக்கம் இது: மிருகத்தைக் கொன்றதில் பங்கு உள்ள ஒவ்வொருவனும் செம்மண்ணில் கையைத் தோய்த்துத் தோலில் பதிக்க வேண்டும். பங்கு இருந்தும் பதிக்காமல் ஒளித்தால் தெய்வக்குற்றம்.

மாமா பதித்தார். பெரிய கை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது கூட்டத்தில் ஒரு பொடியன் கத்தினான்: “நிக்கி அண்ணன் கை எங்க?” இன்னொருத்தன், “அவருதான் கொம்பைப் பிடிச்சாரு!” உடனே பத்துப் பேர், “வை நிக்கி! வைடா கையை!”

ஸ்திராத்தோன் என் பக்கம் திரும்பினார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்த மாட்டார். “அது தலையைத் தூக்கினது உன்னாலயா?”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஈட்டியைத்தான் நான் தொடவில்லையே, தொண்டையைக் காட்ட வைத்ததெல்லாம் உதவியில் சேராது என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வேகவேகமாகப் பேசினான். மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“என்னாலதான்” என்றேன். பதித்தேன். கைதட்டினார்கள். என் வாழ்வில் கேட்டதிலேயே இனிமையான சத்தம். கொஞ்ச நேரம்தான் கேட்டது.

“ரெண்டு கை” என்றார் ஸ்திராத்தோன். “தனியா இல்ல.” கொண்டுவந்திருந்த நெருப்புச் சட்டியின் மூடியைச் சாத்தினார். திரும்பி நடந்தார்.

 மாமா அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு குடிசைக்குப் போனார்.

தேய்பிறை முதல் நாள்

ஆட்டுக்குத் தழை போட்டேன். அம்மா என்னுடன் பேசவில்லை. ஆடும்.

தேய்பிறை இரண்டாம் நாள்

மெலித்தா அடுப்பிலிருந்த புதுச் சட்டியை எடுத்துப் பரணில் கவிழ்த்துவிட்டாளாம். என்னைத் திட்டுவாள் என்று அவர்கள் வாசலில் போய் நின்றேன். திட்டினால் பரவாயில்லையாக இருந்திருக்கும். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு மாமாவின் குடிசைக்குப் போனேன். வலை முடைந்துகொண்டிருந்தார்.

“மாமா, நீங்க பாத்தீங்கதானே. நான் அங்க என்ன பண்ணிட்டிருந்தேன்னு.”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் ஊர் முன்னால சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!”

முடிச்சைப் போட்டு இறுக்கினார். “ஏழு வருஷமா என்னைப் பாத்தா ஊரே மொகத்தைத் திருப்பிக்குது. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா. உன்னைப் பாத்துக் கேலியாச் சிரிக்கிற ஊரை உனக்குக் கொடுக்க மனசு வரல. நீ அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா நின்னே.”

இப்படி ஒரு மாமா எனக்கு. இவருக்காக ஆயிரம் கதை கட்டலாம். இவருக்காக ஒரு கதையை உடைக்க முடியாதா?

தேய்பிறை மூன்றாம் நாள்

உடைத்தேன். சபை கூடியிருக்கும்போதே போய் நின்று, எல்லார் முன்னாலும் சொன்னேன். “நான் உதவி பண்ணல. பயந்து ஓடுனேன்.”

யாரும் நம்பவில்லை! எல்லாரும் சிரித்தார்கள். “மாமாவைக் காப்பாத்தப் புதுக் கதை கட்டறான்” என்றார் செக்குக்காரர். “போன வருஷம் தேன் பானையில உப்பு போட்டுட்டு தேனீ போட்டதுன்னு சொன்னவன்தானே நீ?” ஊரில் நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பியவர்கள், முதல் தரம் உண்மை சொல்லும்போது புத்திசாலிகளாகிவிட்டார்கள்.

ஸ்திராத்தோன் மட்டும் சிரிக்கவில்லை. “முழுசாச் சொல்லு.”

சொன்னேன். கராத்ரா மாதிரிக் கத்தி மாமாவைப் பயமுறுத்தலாம் என்று போனதை, அதற்காக ஒரு வால் செய்து இடுப்பில் கட்டியிருந்ததை, கத்தியதும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ அதைவிட நன்றாகக் கத்தியதை.

“எப்படிக் கத்துனே?”

“இப்பவா?”

“இப்பவே.”

சபை நடுவில் நின்று மாடு மாதிரி கத்தினேன். மெலித்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாவதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

“அப்புறம்?”

“‘அம்மா’ன்னு கத்திக்கிட்டே ஓடுனேன். அத்திமரம் இருந்துச்சு. ஏறுனேன். அது கீழ வந்து நின்னு எட்டுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். மாமா குத்துனதை நான் பாக்கவே இல்ல.”

“கொன்ன பிறகு?”

“மரத்துலயேதான்.”

“ஏன்?”

“எறங்கத் தெரியல.”

ஸ்திராத்தோன் எழுந்தார். “வால் எங்க?”

“மரத்துல மாட்டிக்கிச்சு.”

“போய்ப் பாத்துட்டு வரேன்” என்றார். அந்த வயதில், அந்த வெயிலில், கைத்தடியை எடுத்துக்கொண்டு, தானே கிளம்பிவிட்டார்.

தேய்பிறை ஏழாம் நாள்

ஸ்திராத்தோன் திரும்பிவந்தார். எல்லைக் கல்லண்டை ஊர் மறுபடி கூடியது. அவர் கையில் என் ஒற்றைச் செருப்பு இருந்தது. “குகையைப் பாத்துக் கிடக்கல. ஊரைப் பாத்துக் கிடந்துச்சு” என்றார். இன்னொரு கையில், அத்திமரக் கிளையிலிருந்து கைத்தடியால் இழுத்தெடுத்த வால். நீல வால். வைக்கோல் திணித்துத் தைத்தது.

கூட்டத்தில் அம்மா நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டேன்.

ஸ்திராத்தோன் ஒரு ஈரத்துணியை என்னிடம் நீட்டினார். “நீயே துடை. ஓடுனவன் கை கணக்குல வராது.”

துடைத்தேன். செம்மண் முழுக்கப் போகவில்லை. மாமாவின் பெரிய கைக்குப் பக்கத்தில் என் கையின் சாயல் மங்கலாக இருக்கிறது. ஸ்திராத்தோன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் பையனும் மரம் ஏறுவான். அவனுக்கும் எறங்கத் தெரியாது. நான்தான் போய்த் தோள் கொடுப்பேன்” என்றார். என்னிடம் சொன்னாரா, மாமாவிடம் சொன்னாரா, தெரியவில்லை. மாமா அவர் எதிரில் மண்டியிட்டார். ஸ்திராத்தோன் நெருப்புச் சட்டியின் மூடியைத் திறந்து, இடுக்கியால் ஒரு கங்கை எடுத்து, மாமாவின் சட்டியில் வைத்தார். கங்கு அணையாமல் ஒரு தரம் ஊதியும் விட்டார். 

மாமா கல்லைத் தாண்டினார். ஏழு வருடத்துக்குப் பிறகு. நடையில் அவசரமே இல்லை. கராத்ராவை ஒற்றை ஆளாகக் கொன்றவர் என் மாமா, இதைப் படிக்கிற யாராயிருந்தாலும் கவனிக்கவும், என் சொந்த மாமா!

மெலித்தா வீட்டில் பருப்பு கொஞ்சம் தீய்ந்துவிட்டது. மாமா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். “உனக்கு வேணுமாடா, அத்திக்காய்?” என்றாள் மெலித்தா. ஊரில் இப்போது எனக்கு அதுதான் பெயர். பொடியன்கள் என்னைக் கண்டால் மரத்தைக் காட்டுகிறார்கள். மாமா எனக்குக் கொடுக்க விரும்பாத ஊர் இதுதான். பரவாயில்லை. அந்த ஊருக்குள் இப்போது மாமாவும் இருக்கிறார்.

எனவே இந்தக் குறிப்புகளைப் படிப்பவர்கள் கீழ்க்கண்டவாறு திருத்திப் படிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ‘அறைகூவல்’ என்று வருமிடத்தில் மாட்டுச் சத்தம். ‘வியூகம்’ என்பது ஓட்டம். ‘உயரமான இடம்’ என்பது அத்திமரம். ‘வீரன் அவசரப்பட மாட்டான்’ என்பதற்கு, கால் உதறியது என்று பொருள். எட்டாம் நாள் அங்கியில் இருந்தது சேறு மட்டும் அல்ல. வெண்ணெய்க்கட்டியைத் தின்றது நான்தான்.

கடைசியாக, இந்தக் குறிப்பின் முதல் செய்தி. அம்மாவின் முக்காட்டை ஆடு தின்னவில்லை. ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அம்மாவிடமும் கேட்டிருப்பேன். ஆனால் அவள் கையில் துடைப்பம் இருந்தது. இதை எங்கள் வீட்டுக் கொல்லை அத்திமரத்தில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இறங்கத் தெரியவில்லை.